அறிவினாவும் அறியாவினாவும்

கற்றல் கற்பித்தல் குறித்து ஓர் ஆசிரியர் மேற்கொள்ளும் ஆய்வு அவருடைய வகுப்புக்குப் பயன்படுகிறதா, அலமாரியில் அடுக்கப்படும் தாள்கட்டாக முடிகிறதா என்பது பெரும்பாலும் அதன் தொடக்கத்தில் எழுதப்படும் ஒற்றை வாக்கியத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆய்வு வினா எனப்படும் அந்த வாக்கியத்தை ஆய்வுத் தலைப்போடும் ஆய்வு நோக்கத்தோடும் குழப்பிக்கொள்வது பரவலான வழக்கம். தலைப்பு ஒரு பரப்பைக் காட்டுகிறது, நோக்கம் செய்யவிருக்கும் வேலையைச் சொல்கிறது, வினாவோ இதுவரை தெரியாத ஒன்றைச் சுட்டி, எத்தகைய சான்று கிடைத்தால் அது தெரியவரும் என்பதையும் தன்னுள் அடக்கி நிற்கிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணமே நல்ல துணை. பவணந்தி முனிவரின் நன்னூல் வழிவந்த மரபு வினாவை 6 வகையாகப் பகுத்து, விடை தெரிந்தவர் கேட்பதை அறிவினா என்றும், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதை அறியாவினா என்றும், இரண்டில் எது என்று துணிய முடியாமல் கேட்பதை ஐயவினா என்றும், ஒன்றைச் செய்யும்படி தூண்டுவதை ஏவல்வினா என்றும் பெயரிடுகிறது. எஞ்சிய கொளல்வினாவும் கொடைவினாவும் வாங்குவதும் கொடுப்பதும் பற்றியவை. ஆசிரியரின் பணிநாள் அறிவினாக்களாலேயே நிறைந்தது, ஏனெனில் கரும்பலகையில் எழுதிய கணக்குக்கு விடை என்ன என்று அவர் கேட்கும்போது விடை அவருக்கு முன்பே தெரியும். அதே மனிதர் ஆய்வாளராக மாறும் நாளில், பழக்கத்தின் வலிமையால், விடை தெரிந்த ஒன்றையே ஆய்வு வினாவாக எழுதிவிடுகிறார். ஆசிரியர் ஆய்வுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை இதுவே.

மலேசியாவில் இந்தக் குறையைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பி ஆசிரியர் கல்விக் கழகத்தில் இளங்கலைக் கற்பித்தியல் பட்டம் பயிலும் ஒவ்வொரு பயிற்சி மாணவரும் செயலாய்வு ஒன்றைச் செய்து முடித்தாக வேண்டும். மலாயில் காஜியான் திண்டாக்கான் என்று வழங்கும் செயலாய்வு, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் வகுப்பை அளந்து குறித்துக்கொண்டு செல்வதிலிருந்து வேறுபட்டது. வகுப்பை நடத்துபவரே தம் கற்பித்தலில் தட்டுப்படும் சிக்கலை எடுத்துத் திட்டமிட்டு, செயற்படுத்தி, உற்றுநோக்கி, சிந்தனை மீட்சி செய்து, அதன் வழி மறுபடியும் திட்டமிடும் சுழல்முறை அது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம் இட்டது. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் எழுதிய நூல் ஆசிரியரே ஆய்வாளர் என்ற கருத்தை நிலைநாட்டியது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மெக்டாகர்ட்டும் 1980களில் அதற்குச் சுழல் வடிவம் கொடுத்தார்கள். மலேசியப் பயிற்சி மாணவர் தம் ஆய்வேட்டில் பெரும்பாலும் வரைந்துகாட்டும் படம் அந்தச் சுழல்தான்.

லெவினின் 1946 கட்டுரை பள்ளிப் பாடத்தைப் பற்றியதன்று என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். சிறுபான்மையினரின் சிக்கல்களையும், ஒரே ஊரில் வாழும் வெவ்வேறு குழுக்களுக்கிடையிலான உறவையும் சீராக்க முனைபவர்களுக்கு எத்தகைய ஆய்வு உதவும் என்பதே அதன் பொருள். கம்போங் மேடான் என்ற பெயரை மலேசியர்கள் பெரும்பாலோர் அறிந்ததும் அத்தகைய ஒரு சிக்கலின் வழியாகத்தான். பழைய கிள்ளான் சாலைக்கு அருகே, பெட்டாலிங் ஜெயாவின் தெற்குப் பகுதியில், புறம்போக்கு வீடுகளும் குறைந்த விலை அடுக்குமாடிகளும் நெருங்கி நின்ற அந்த வட்டாரத்தில், 2001 மார்ச் மாதம் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் 6 பேர் உயிரிழந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன காலத்தில் வேலையும் வீடும் இழந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரங்களுக்கு நகர்ந்த குடும்பங்களின் வாழ்வு எப்படியிருக்கிறது என்பதை நாடு திரும்பிப் பார்க்க நேர்ந்தது அப்போதுதான்.

இத்தகைய வட்டாரங்களைப் பற்றி எழுப்பப்படும் கேள்வி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும்: இங்குள்ள பிள்ளைகள் ஏன் படிப்பில் பின்தங்குகிறார்கள்? அக்கறையோடு கேட்கப்பட்டாலும் இது ஆய்வு வினாவாகாது. பின்தங்குதல் என்பது எதைக் கொண்டு, யாரோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டது என்று வினாவில் இல்லை. பிள்ளைகள் என்ற சொல் எந்த வயது, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதை மறைக்கிறது. ஏன் என்ற சொல் வறுமை, வீட்டுச் சூழல், மொழி, பாடத்திட்டம், ஆசிரியர், போக்குவரத்து என்று பல காரணங்களை ஒரே மூச்சில் கேட்கிறது. அனைத்துக்கும் மேலாக, குறை பிள்ளையிடம் இருக்கிறது என்ற முடிவை வினா முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

குறையை எங்கே தேடுவது என்பதை மாற்றியமைத்த ஆய்வுகள் மலேசியத் தமிழரிடையே இல்லாமல் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்து பின்னர் அரசியலுக்குச் சென்ற தி. மாரிமுத்து, தோட்டப் பள்ளியைச் சமூக மறுஉற்பத்தியின் கருவியாக ஆராய்ந்த கட்டுரை, தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்களைப் பற்றிக் க.சி. சாந்துவும் அ. மணியும் தொகுத்து 1993இல் வெளிவந்த பெருநூலில் இடம்பெற்றது. சமூக மறுஉற்பத்தி என்பது, பெற்றோரின் வர்க்க நிலையே பிள்ளைகளுக்கும் வாய்க்கும்படி ஒரு சமூக அமைப்பு தன்னைத்தானே மீண்டும் உருவாக்கிக்கொள்வதைக் குறிக்கும் சமூகவியல் சொல். தோட்டத்துப் பிள்ளை ஏன் படிப்பதில்லை என்ற கேள்வியைத் தோட்டத்துப் பள்ளி என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்டதும், அதுவரை காரணமாகத் தெரிந்த பிள்ளை விளைவாகத் தெரியத் தொடங்கியது. சொற்கள் இடம் மாறினால் பார்வையும் மாறும் என்பதற்கு மலேசிய மண்ணில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால், அது ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்குரிய வினா. கம்போங் மேடான் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில், ஆண்டு 2 வகுப்பின் முன் நிற்கும் ஆசிரியருக்கு அந்த அளவுக்குக் காலமும் இல்லை, தரவும் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு வகுப்பு, சில வாரங்கள், ஒரு கட்டு எழுத்துப்பயிற்சிப் புத்தகங்கள். அந்த அளவுக்குள் பொருந்தும் வினாவே அவருக்குரியது.

அந்த இடத்தில்தான் ஆயத்த வார்ப்பு வந்து கைகொடுக்கிறது. இன்ன விளையாட்டின் வழி, அல்லது இன்ன அட்டையின் வழி, இன்ன ஆண்டு மாணவர்களின் இன்ன திறனை மேம்படுத்துதல் என்ற வாய்பாட்டில் எழுதப்படும் செயலாய்வுத் தலைப்புகள் ஏராளம். வார்ப்பைப் பின்பற்றுவதால் பயிற்சி மாணவரைக் குறைசொல்வதற்கில்லை. குறுகிய காலத்தில் ஆய்வை முடிக்க வேண்டியவருக்கு அது ஒரு பிடிமானம். எனினும் நன்னூல் வகைப்படி பார்த்தால், மேம்படுத்துதல் என்று முடியும் தலைப்பிலிருந்து பிறக்கும் வினா ஏவல்வினாவின் சாயல் கொண்டது. அதற்குள் விடை ஏற்கெனவே குடியேறிவிட்டது: மாணவரின் சிக்கல் இன்னதென்று கண்டறியும் முன்பே மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பின்சோதனையில் மதிப்பெண் உயர்ந்திருந்தால் ஆய்வு வெற்றி என்று எழுதப்படுகிறது, உயராவிட்டால் காலம் போதவில்லை என்று எழுதப்படுகிறது. எந்த நிலையிலும் ஆசிரியர் தம் வகுப்பைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்ததாக ஆவதில்லை.

மாற்று வழி பிழையிலிருந்து தொடங்குவது. ஆண்டு 2 மாணவர் ஒருவர் சொல்வதெழுதுதலில் கொடி என்ற சொல்லைக் காடி என்று எழுதுகிறார் என்று கொள்ளலாம். மலேசியத் தமிழர் பேச்சில் காடி என்றால் கார். ஆகவே பிள்ளை எழுதியது பொருளற்ற சொல்லன்று, அன்றாடம் வாயில் புழங்கும் சொல். சிவப்பு மையால் அடித்துச் சரியானதை மேலே எழுதிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்கும் ஆசிரியர் அங்கே ஒரு மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கிறார். அவர் சற்று நின்று பார்த்தால், அந்த ஒரு பிழைக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு நிகழ்வுகள் இருக்கக்கூடும் என்பது புலப்படும். பிள்ளை கொ என்ற ஒலியைக் கா என்று கேட்டிருக்கலாம். அல்லது ஒலியைச் சரியாகக் கேட்டு, எழுத்தின் பின்னால் வரும் துணைக்காலை எழுதி, முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பை விட்டிருக்கலாம். முதலாவது செவியின் சிக்கல், இரண்டாவது எழுத்துமுறையின் சிக்கல். ஒன்றுக்குத் தரும் பயிற்சி மற்றதற்கு உதவாது.

இரண்டாவது சிக்கல் தமிழ் எழுத்தின் இயல்பிலேயே ஊன்றியிருக்கிறது. கெ, கே, கை ஆகியவற்றில் உயிரொலி மெய்யொலிக்குப் பின்னால் ஒலித்தாலும் அதன் குறி மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்படுகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றிலோ எழுத்தை இருபுறமும் குறிகள் அணைத்துக்கொள்கின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆண்டு 1 முதலே தமிழோடு மலாயையும் ஆங்கிலத்தையும் கற்கிறார், அவ்விரண்டும் ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில், ஒலிக்கும் வரிசையிலேயே இடமிருந்து வலமாகச் செல்பவை. பிள்ளை நாள்தோறும் காணும் சாலைப் பலகையில் மேடான் என்ற பெயர் ரூமியில் எம் என்ற எழுத்தில் தொடங்கி அடுத்து ஈ என்ற எழுத்துக்குச் செல்கிறது. அதே பெயரைத் தமிழில் எழுத அவர் முதலில் இரட்டைக்கொம்பைப் போட்டுவிட்டுத்தான் மகரத்துக்கு வர வேண்டும். போதாக்குறைக்கு, மலாயில் அந்த ஒற்றை எழுத்துக்கே இரண்டு ஒலிகள் உண்டு: மேடானில் அது ஏகாரம் போல ஒலிக்கிறது, பெட்டாலிங்கில் வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் மங்கிய ஒலியாகிறது. மூன்று மொழிகளையும் ஒரே வாரத்தில், சில வேளை ஒரே நாளில், எழுதிப் பழகும் 7 வயதுப் பிள்ளையின் கை இந்த வரிசைகளுக்கிடையே எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது உண்மையிலேயே அறியத்தக்க செய்தி, அதை அறியும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கே வாய்த்திருக்கிறது.

இப்போது வினா வேறு உருவம் எடுக்கிறது. இந்த வகுப்பில் ஒகர, ஓகார உயிர்மெய்களைத் தவறாக எழுதும் மாணவர்கள் அவ்வொலிகளைச் செவியில் பிரித்தறிகிறார்களா, அல்லது ஒலியைப் பிரித்தறிந்தும் குறிகளின் இடத்தில் தடுமாறுகிறார்களா என்ற இந்த வினா ஐயவினா, கயிறோ பாம்போ என்று கேட்கும் அதே வகை. நல்ல ஆய்வு வினாக்கள் பலவும் அறியாவினாவாகத் தொடங்கி, ஆசிரியர் கூர்ந்து பார்க்கப் பார்க்க ஐயவினாவாக இறுகுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. இவ்வாறு இறுகிய வினா, எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்பதையும் தானே சொல்லிவிடுகிறது. கொடியின் படத்தையும் காரின் படத்தையும் முன்னே வைத்து, சொல்லைச் சொன்னதும் தொட்டுக்காட்டச் செய்தால் செவி தெரிந்துவிடும். ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளாகக் கொடுத்து அடுக்கச் செய்தால் எழுத்துமுறை தெரிந்துவிடும். பயிற்றுத்துணைப் பொருள் இங்கே மருந்தாக நுழைவதற்கு முன் நாடி பார்க்கும் கருவியாக நுழைகிறது. விளையாட்டு முறை பயன்படுமா என்ற கேள்வி இதற்குப் பிறகு வந்தால் அதற்குப் பொருள் உண்டு.

பிழையை மறைக்க வேண்டிய குற்றமாகக் கருதும் மனநிலை இதற்குத் தடையாக இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராண்டி பாஸ் 1999இல் எழுதிய கட்டுரையில், ஆய்வாளரிடம் உங்கள் ஆய்வுச் சிக்கல் என்ன என்று கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு பேசத் தொடங்குவார், ஆசிரியரிடம் உங்கள் கற்பித்தலில் என்ன சிக்கல் என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும் என்ற முரணை எடுத்துக்காட்டினார். கார்னெகி அறக்கட்டளையைச் சேர்ந்த பாட் ஹச்சிங்ஸ் அடுத்த ஆண்டு வெளிவந்த நூலொன்றில் கற்பித்தல் ஆய்வு வினாக்களை வகைப்படுத்தியபோது, எது பயன் தருகிறது என்ற வினாவோடு, என்ன நடக்கிறது என்ற வினாவுக்கும் சம இடம் கொடுத்தார். தமிழ்ப்பள்ளிச் செயலாய்வுகள் முதல்வகையிலேயே குவிந்து கிடக்கின்றன. கொடியையும் காடியையும் பற்றிய வினா இரண்டாம் வகையைச் சேர்ந்தது, இன்று அதிகம் தேவைப்படுவதும் அதுவே.

என்ன நடக்கிறது என்று பாராமல் எது பயன் தருகிறது என்று மட்டும் கேட்டால் ஒரு நாடே தடுமாறக்கூடும். மலேசியாவில் 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின; தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் மதிப்பீட்டில் மலேசியப் படிவம் 2 மாணவர்களின் கணிதச் சராசரிப் புள்ளி 2003இல் 508 ஆகவும், 2007இல் 474 ஆகவும், 2011இல் 440 ஆகவும் இருந்தது. 2011இல் தேர்வெழுதியவர்கள் 2004இல் ஆண்டு 1இல் சேர்ந்து தொடக்கப்பள்ளிக் கணிதம் முழுவதையும் அத்திட்டத்தின் கீழ் கற்றவர்கள் என்பதால், ஆங்கிலமே சரிவுக்குக் காரணம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் ஒன்று நடந்த பின் மற்றொன்று நடந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. அதே ஆண்டுகளில் பள்ளிகளில் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன, அந்தத் திட்டம் நின்றுபோன பின்னும் புள்ளிகள் 508ஐ எட்டவில்லை. எந்த மொழி சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டவர்களில், வீட்டில் தமிழ் பேசும் ஆண்டு 1 மாணவர் ஆசிரியரின் ஆங்கில விளக்கத்தில் எந்தச் சொல்லில் நின்றுபோகிறார் என்று வகுப்பில் உட்கார்ந்து குறித்தவர்கள் எத்தனை பேர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வினா அளவாக இருந்தாலும் அதற்குரிய சான்றைக் கையாள்வதில் நேர்மை தேவை. குறைநீக்கல் வகுப்பில் உள்ள 4 மாணவர்களில் 3 பேர் முன்னேறியதை 75 விழுக்காடு என்று எழுதி வட்ட விளக்கப்படம் வரைவது, 4 பிள்ளைகளின் கதையை எண்ணுக்குள் புதைப்பதாகும்; முன்னேறாத அந்த ஒருவர் எங்கே நின்றார் என்பதை ஒரு பக்கம் எழுதினால் ஆய்வேட்டின் சிறந்த பக்கம் அதுவாகவே இருக்கும். ஆசிரியர் தம்மைத் தனியே கவனிக்கிறார் என்பதாலேயே மாணவர் சில நாள் நன்றாகச் செய்வதும் உண்டு. சிகாகோ அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த சோதனைகளின் பெயரால் அது அறியப்படுகிறது. பயன்தரும் என்று ஆசிரியர் நம்பும் பயிற்சியை ஆய்வுக்காக வகுப்பின் பாதிக்கு மட்டும் கொடுப்பதும் சரியாகாது.

காலமும் வினாவின் ஒரு பகுதிதான். தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டதிலிருந்து தொடக்கப்பள்ளியில் வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்று, ஒவ்வொரு மாணவருக்கும் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை ஆசிரியரே பதிவுசெய்கிறார். அந்தப் பதிவைத் தனிச் சுமையாகவும் ஆய்வை வேறொரு சுமையாகவும் சுமப்பதைவிட, தேர்ச்சி நிலை 2இல் நிற்கும் மாணவர் நிலை 3க்குச் செல்ல எது தடுக்கிறது என்று ஒரு பெயரை எடுத்து, ஒரு திறனை எடுத்துக் கேட்டால், இரண்டு வேலையும் ஒன்றாகிவிடும். இந்த வாய்ப்பு இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

கொடி, காடி வினாவுக்கு விடை தேடும் ஆசிரியர் விரைவிலேயே மற்றொன்றையும் கண்டுகொள்வார்: எழுதி முடிந்த புத்தகம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. மேடான் என்று பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் கையை எழுதும்போதே பக்கத்தில் நின்று பார்த்தால், அது முதலில் மகரத்தை எழுதி, பிறகு இடப்புறம் திரும்பி, விட்டுவைத்த இடத்தில் இரட்டைக்கொம்பைச் செருகுவதைக் காண நேரலாம். அப்படிக் கண்டால் முதல் வினா போதாது, அதைத் திருத்தி எழுத வேண்டும்: சரியாக எழுதும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒலிக்கும் வரிசையில் எழுதிவிட்டுக் குறியைப் பின்னால் சேர்க்கிறார்கள், எந்த மாதத்தில் அந்தக் கை வலப்புறமாகவே செல்லப் பழகுகிறது? அதற்குச் சோதனைத்தாள் தேவையில்லை. கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகத்தில் மகரத்துக்கு இடப்புறம் பிள்ளை விட்டுவைத்திருக்கும் அரை விரல் இடைவெளியைத் தேடிப் பார்த்தால் போதும்.